யானைக்கு எழுதி வைத்த தீர்த்தம்!

‘ஒன்பது கெஜம்’ என்று சொன்னால் உங்களுக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? மடிசார் புடவைதானே! பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியில், நாப்தலின் உருண்டை வாசத்தோடு மடித்து வைத்த அரக்கு நிறப் புடவை கண் முன்னே வந்து நிற்கும். சரி, ‘யானைகெஜம்’ என்று ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால்?

யானையைக் கெஜக்கோல் வைத்து அளந்த ஊரா? யானைக்கே புடவை கட்டிவிட்ட ஊரா? கொஞ்சம் வடமொழி தெரிந்தவர்கள் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். கஜம் என்றாலே யானைதானே! கஜலட்சுமி, கஜமுகன், கஜபூஜை என்று தினமும் சொல்கிறோம். அப்படிப் பார்த்தால் யானைகெஜம் என்பது ‘யானை யானை’ என்றல்லவா ஆகிவிடுகிறது!

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில், சுருளித் தீர்த்தத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது சுருளிப்பட்டி. ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள். அதற்கடுத்து வாழையும் தென்னையும். தோட்டங்கள் முடிந்து மேகமலைத் தொடர் எழும்பத் தொடங்குகிற அடிவாரத்தில் இருக்கிற காட்டுத் துண்டைத்தான் ஊர்க்காரர்கள் ‘யானைகெஜம்’ என்கிறார்கள். ‘யானைக்கஜம்’ என்று எழுதுவோரும் உண்டு. சுற்றுலாப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. அமாவாசைக்குச் சுருளிக்கு வருகிற ஆயிரக்கணக்கான பக்தர்களில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஆனால், இந்தப் பெயருக்குள் ஒரு தீர்த்தமே ஒளிந்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

ஒரு சின்ன இலக்கணப் பாடம்

பள்ளிக்கூடத்தில் ‘ஒருபொருட்பன்மொழி’ என்று படித்தது நினைவிருக்கிறதா? ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் சேர்ந்து வருவது. ‘நடுமையம்’ என்கிறோம். நடு என்றாலும் மையம்தான், மையம் என்றாலும் நடுதான். ‘உயர்ந்தோங்கிய கோபுரம்’ என்கிறோம். இலக்கணக்காரர்கள் இதைக் குற்றம் என்று தள்ளவில்லை, அழகு என்று ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் ‘கேட்டுக் கதவைச் சாத்து’, ‘நடு சென்டர்ல நிக்காதே’ என்று வீட்டில் நாம் பேசுவது இதே ரகம்தான்!

யானைகெஜத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். சேர்க்க விடாமல் தடுப்பது அதே தேனி மாவட்டத்தில் இருக்கிற கும்பக்கரை அருவி.

பெரியகுளத்தை அடுத்து, கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது கும்பக்கரை. அங்கே பாறையைக் குடைந்து குடைந்து தண்ணீர் பல பள்ளங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். யானைகெஜம், பாம்புகெஜம், அண்டாகெஜம்... கவனித்தீர்களா? அண்டாகெஜம்! அண்டாவுக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்? அண்டாவை யாராவது கெஜக்கோலால் அளப்பார்களா? ஆக, இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘கெஜம்’ என்பது யானையும் இல்லை, முழக்கோலும் இல்லை. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கிற ஆழமான மடு. அண்டா மாதிரி இருக்கிற மடு அண்டாகெஜம். யானைக்கு உரிய மடு யானைகெஜம்.

இந்தக் ‘கெஜம்’ எங்கிருந்து வந்தது? பழந்தமிழில் ‘கயம்’ என்று ஓர் அருமையான சொல் உண்டு. ஆழமான நீர்நிலை என்று பொருள். நம்முடைய பேச்சில் ‘ய’ எழுத்து ‘ச’ ஆக மாறுவது சர்வசாதாரணம். உயரம் ‘உசரம்’ ஆகும். முயல் ‘முசல்’ ஆகும். உயிர் ‘உசிரு’ ஆகும். அதே மாதிரி கயம் ‘கசம்’ ஆனது. தென்மாவட்டத்துப் பாட்டிமார்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற பிள்ளைகளிடம், “கசத்துப் பக்கம் போயிராதீங்கடா” என்று எச்சரிப்பார்களே, அந்தக் கசம்தான் இது. முதலெழுத்து ‘க’ ஒலி ‘கெ’ ஆவதும் நமக்குப் புதிதல்ல. கங்கையம்மனைக் ‘கெங்கையம்மன்’ என்று அழைக்கவில்லையா? கசம் ‘கெசம்’ ஆகி, யானை பக்கத்தில் நின்றதால் கஜம் என்ற சொல்லின் சாயலும் ஏறி, ‘கெஜம்’ என்று நிலைத்துவிட்டது.

இன்னும் ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. அதே ‘கயம்’ என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதியில் ‘யானை’ என்றும் ஒரு பொருள் போட்டிருக்கிறார்கள்! கஜம் என்ற வடசொல் தமிழில் ‘கயம்’ என்று எழுதப்பட்டதால் வந்தது அது. கஜமுகாசுரனைக் ‘கயமுகாசுரன்’ என்று புராணக் கதைகளில் படித்திருப்பீர்களே! ஆக, மடுவும் கயம், யானையும் கயம். தண்ணீரையும் அதில் இறங்குகிற யானையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறது தமிழ்.

காஞ்சிபுரத்திலும் இப்படி ஒரு விளையாட்டு உண்டு. அத்தி என்றால் அத்தி மரம், அத்தி என்றால் யானையும்கூட. வரதராஜர் எழுந்தருளியிருக்கும் குன்று ஹஸ்திகிரி, அதாவது யானைமலை. நம் வாயில் அது அத்திகிரி. அங்கே அனந்தசரஸ் திருக்குளத்துக்குள் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் அத்தி மரத்தில் ஆனவர். 2019-ல் அவர் வெளியே வந்தபோது, நீங்களும் வரிசையில் நின்று தரிசித்திருக்கக்கூடும்!

மூத்தவள் அறிந்த வழி

யானையும் மடுவும் என்றதும் உங்கள் மனம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். கஜேந்திர மோட்சம்! பாகவதத்தின் எட்டாவது ஸ்கந்தத்தில் வருகிறது அந்தக் கதை. திரிகூட மலையில் வாழ்ந்த கஜேந்திரன், கோடையின் கொடுமை தாங்காமல், தாகத்தோடு தன் கூட்டத்தையும் குட்டிகளையும் அழைத்துக்கொண்டு தாமரைத் தடாகத்தில் இறங்குகிறது. முதலை காலைக் கவ்வுகிறது. நெடுங்காலம் போராடி, தன்னால் ஆகாது என்று தெரிந்ததும், துதிக்கையில் ஒரு தாமரையை ஏந்தி ‘ஆதிமூலமே!’ என்று அலறுகிறது. கருடன் மேல் பறந்து வந்து காப்பாற்றுகிறார் பெருமாள்.

கும்பகோணம் பக்கத்தில் கபிஸ்தலம், திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையில் அத்தாளநல்லூர் என்று இந்தக் கதையைச் சொல்லும் தலங்கள் நம்மிடம் உண்டு. இரண்டிலும் பெருமாளுக்கு கஜேந்திர வரதர் என்றே பெயர். அத்தியை, அதாவது யானையை, ஆட்கொண்ட ஊர் என்பதால்தான் அத்தாளநல்லூர் என்றும் சொல்கிறார்கள்.

கதையில் முதலை வந்த பிறகு நடப்பதைத்தான் நாம் எப்போதும் கேட்கிறோம். அதற்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். கோடை, தாகம், குட்டிகளோடு ஒரு கூட்டம், மலையிலிருந்து மடுவை நோக்கி ஒரு நடை. புராணத்தில் வரும் இந்தக் காட்சி இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஒவ்வொரு கோடையிலும் அப்படியே நடக்கிறது!

வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு 100 முதல் 200 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். குடிக்க மட்டும் போதாது. உடம்புச் சூடு தணியக் குளிக்க வேண்டும், சேற்றைப் பூசிக்கொள்ள வேண்டும். அதனால் யானையின் வாழ்க்கையே ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொரு நீர்நிலைக்குப் போகிற பயணம்தான். அந்தப் பயணத்துக்கு யார் தலைமை தெரியுமா? தந்தம் வைத்த களிறு இல்லை. கூட்டத்தின் மூத்த பிடி! பிடி என்றால் பெண் யானை. பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆண் யானைகள் வயது வந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியே போய்விடும். மகள்கள், பேத்திகள், குட்டிகள் எல்லாம் பாட்டியின் பின்னால்தான் நடப்பார்கள். எந்த மாதத்தில் எந்த ஓடை வற்றும், எல்லா இடமும் காய்ந்த பிறகும் எந்த மடுவில் தண்ணீர் நிற்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் தாயோடு நடந்து கற்ற வழி அது. நம் வீட்டில் எந்தச் சாமிக்கு எந்த நாளில் என்ன படைப்பது என்று மாமியார் மூலமாகவும் அம்மா மூலமாகவும் நமக்கு வந்து சேரவில்லையா, அதே மாதிரி!

ஏறக்குறைய 22 மாதம் சுமந்து பெற்ற குட்டியோடு, அந்தப் பிடி ஒரு கோடைகாலத்தில் மலையை விட்டு இறங்கி வருகிறாள். வழியில் போன வருடம் இல்லாத ஒரு வேலி இருந்தால் அவள் என்ன செய்வாள்? சுற்றிப் போவாள், அல்லது உடைத்துப் போவாள். அவளுடைய கணக்கில் அது தன் அம்மா காட்டிய பாதை.

கா இருந்தது, ஆனை இருந்தது

திருவானைக்கா என்ற பெயரை ஒருமுறை பிரித்துச் சொல்லிப் பாருங்கள். ஆனை, கா. ‘கா’ என்றால் சோலை. யானை வாழ்ந்த சோலை! ஜம்பு எனப்படும் வெண்நாவல் மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததால் ஜம்புவனம் என்றும் பெயர். அங்கே ஒரு நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்துக்கு ஒரு யானை காவிரியிலிருந்து துதிக்கையில் நீர் முகந்து வந்து அபிஷேகம் செய்தது. சருகு விழாமல் ஒரு சிலந்தி வலை பின்னியது. அதை யானை அறுக்க, சிலந்தி கோபித்துக்கொண்டு துதிக்கைக்குள் புக... மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். அந்தச் சிலந்திதான் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பார்கள்.

பஞ்சபூதத் தலங்களில் அது நீர்த்தலம். கருவறையில் இன்றும் நீர் ஊறுகிறது. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை அணிந்து அகிலாண்டேஸ்வரியாகவே வந்து சிவனைப் பூஜிக்கும் அழகைப் பார்க்கக் கூட்டம் காத்திருக்கும். யானை, சோலை, நீர் மூன்றும் சேர்ந்ததுதான் அந்தத் தலம். ஆனால் இன்றைக்குத் திருவானைக்கா திருச்சி மாநகரத்தின் ஒரு பகுதி. நீர் இருக்கிறது. தலமரமாக ஒரு வெண்நாவல் இருக்கிறது. சோலை பெயரில் மட்டும் இருக்கிறது.

மதுரையும் அப்படித்தான். கடம்பவனம் என்கிறோம். மீனாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் பட்டுப்போன கடம்பமரத்தின் அடியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், பிரதட்சிணம் வரும்போது தொட்டுக் கும்பிடுகிறோம். சிதம்பரத்துக்குத் தில்லைவனம் என்று பெயர். தில்லை மரத்தைப் பார்க்கவோ பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போகவேண்டும்.

இந்த ஊர்களோடு சுருளிப்பட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். யானைகெஜத்தில் பெயரும் இருக்கிறது, காடும் இருக்கிறது, யானையும் வருகிறது! இப்படி மூன்றும் ஒன்றாக மிஞ்சியிருக்கும் இடங்கள் நம்மிடம் எத்தனை இருக்கும்? எனக்கென்னவோ, ஆயிரம் வருடக் கல்வெட்டைப் பாதுகாப்பதற்குச் சமமாக இதைப் பாதுகாக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

பட்டா யார் பெயரில்?

நம் முன்னோர் ஒரு நீர்நிலைக்குப் பெயர் வைக்கும்போது அது யாருக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். வண்ணான்துறை, பெண்கள் குளிக்கும் துறை, சாமி தீர்த்தமாடும் துறை என்று ஒவ்வொரு ஆற்றங்கரையிலும் இருந்தது. இன்னார் இங்கே இறங்கலாம், மற்றவர் அங்கே போகக்கூடாது என்பதற்கு வேறு பலகை தேவைப்படவில்லை. யானைகெஜம் என்று பெயர் வைத்தவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அந்த மடு யானைக்கு. பட்டாவே அந்தப் பெயர்தான்!

அந்தப் பட்டாவை ஒரு யானை வந்து ஞாபகப்படுத்திய நாட்கள் 2023-ல் வந்தன. ‘அரிக்கொம்பன்’ என்றால் உங்களுக்கு நினைவிருக்கும். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. கொம்பன், தந்தம் உள்ள ஆண் யானை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். 2023 ஏப்ரல் 29-ம் தேதி அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது அங்கே நிற்கவில்லை. மே 27-ம் தேதி காலையில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது! அதன் வழியில் சிக்கிய ஒருவர் காயமடைந்து பிறகு இறந்தும் போனார். நகரத்தில் 144 தடை உத்தரவு போட்டார்கள்.

பிறகு அது எங்கே போனது? சுருளிப்பட்டிப் பக்கம்! அடிவாரத்து யானைகெஜம், கூத்தநாட்சிக் காடு, ராயப்பன்பட்டி அருகே சண்முகாநதி அணை என்று அன்றைய செய்திகளில் அடிபட்ட இடங்களின் பெயர்களைப் பாருங்கள். ஒன்று மடு, ஒன்று வனம், ஒன்று அணை. தண்ணீரும் நிழலும் உள்ள இடங்களாகவே அந்தப் புதிய யானையும் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. சுருளி அருவிக்குப் பக்தர்கள் போக முடியாமல் வழி அடைக்கப்பட்டது. ஜூன் 5-ம் தேதி விடியும் நேரத்தில் சின்ன ஓவுலாபுரம் அருகே மறுபடி மயக்க ஊசி. அங்கிருந்து லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாறு வனத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

இதில் விவசாயிகளின் கஷ்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சுருளிப்பட்டியின் பன்னீர் திராட்சை லேசுப்பட்டதல்ல. வருடம் முழுக்கக் காய்க்கிற பூமி இந்தப் பள்ளத்தாக்கு. ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, கடன் வாங்கி வளர்த்த தோட்டத்தில் ஒரே ராத்திரியில் ஒரு கூட்டம் புகுந்து போனால், அந்த வீட்டுப் பெண் காலையில் என்ன பாடு படுவாள்! யானையைப் பிள்ளையாராகக் கும்பிடுகிற நாம், அவளைப் பார்த்து ‘பொறுத்துக்கொள்’ என்று நகரத்திலிருந்து சொல்வது எளிது. வனத்துறை இழப்பீடு தருகிறது. அது உரிய நேரத்தில், முழுசாகப் போய்ச் சேர்வதுதான் யானைக்கும் நல்லது. இழப்பீடு கைக்கு வராத கோபத்தில்தான் சில இடங்களில் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்கிறது. தமிழ்நாட்டில் அப்படிச் செத்த யானைகள் கொஞ்சமல்ல. மூத்த பிடி ஒன்று அப்படி விழுந்துவிட்டால், எந்த மடு எங்கே இருக்கிறது என்ற கணக்கும் அவளோடு போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை வனப்பகுதி 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டாள் பிறந்த ஊரின் பெயரும் மேகம் தவழும் மலையின் பெயரும் சேர்ந்த காப்பகம்! சுருளி அருவி இந்த மேகமலைக் காட்டின் வாசல் மாதிரி. அருவிக்குள் நீங்கள் வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாகத்தான் போகவேண்டும்.

அமாவாசைக்குப் போகிறவர்களுக்கு...

சுருளி என்றாலே பிதுர் காரியம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை நாட்களில் தேனி, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாக வருவார்கள். அருவியில் நீராடி, தர்ப்பணம் கொடுத்து, சுருளி வேலப்பரையும் பூதநாராயணரையும் தரிசித்துத் திரும்புவது வழக்கம். தேவர்களை அச்சுறுத்திய அசுரர்களை விரட்ட, மகாவிஷ்ணு பூத வடிவம் எடுத்து நின்ற இடம் என்று பூதநாராயணர் கோயிலுக்குத் தலவரலாறு சொல்கிறார்கள். மலைக்குள் கைலாசநாதர் குகையும் இருக்கிறது. மலையிலிருந்து நீர் சுருண்டு விழுவதால் சுருளி என்பார்கள். இந்தப் பக்கத்தில் சுருளிவேல், சுருளியம்மாள் என்று பெயர் வைக்காத தெருவே கிடையாது. பெரியகுளத்தில் பிறந்த நகைச்சுவை நடிகர் சுருளிராஜனை யாரால் மறக்க முடியும்!

இந்த அருவிக்குத் தண்ணீர் மேலே இருந்து, ஹைவேவிஸ், தூவானம் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. அங்கே மழை கொட்டினால் இங்கே வெள்ளம். அதனால், கீழே வெயில் அடிக்கும்போதே ‘இன்று குளிக்கத் தடை’ என்று வனத்துறையினர் நிறுத்துவதுண்டு. யானைக் கூட்டம் அருவிப் பக்கம் வந்துவிட்டாலும் நிறுத்துவார்கள். ‘இவ்வளவு தூரம் வந்தோமே’ என்று அவர்களோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். தர்ப்பணத்தை ஆற்றங்கரையில் வேறு பாதுகாப்பான இடத்தில் கொடுக்கலாமா என்று உங்கள் சாஸ்திரிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யானைகள் தீர்த்தமாடுகிற வேளையில் நாம் கொஞ்சம் காத்திருந்தால்தான் என்ன?

இன்னொரு விஷயம். குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிடும் பழக்கம் தீர்த்தக்கரைகளில் பரவிக் கிடக்கிறது. தோஷம் துணியோடு போகும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் செய்கிறோம். ஆற்றோடு போகிற நைலான் புடவை எங்கே போய் நிற்கும் தெரியுமா? பாறை இடுக்கில், மடுவின் அடியில், மரத்தின் வேரில்! அதே மாதிரிதான் பிளாஸ்டிக் பையும். பிண்டத்துக்கு எடுத்துப்போன பச்சரிசி, எள், வாழைப்பழம் எல்லாவற்றின் வாசனையும் அந்தப் பையில் இருக்கும். யானைக்கு மோப்பம் அதிகம். வாசனை வந்த பையை அப்படியே விழுங்கிவிடும். காட்டுக்குள் யானை லத்தியில் பிளாஸ்டிக் கிடப்பதை வன ஊழியர்கள் பல இடங்களில் பார்க்கிறார்கள். அதனால் பித்தளைச் சொம்பு, துணிப்பை, வாழையிலை போதும். பாட்டி காலத்தில் வேறு என்ன இருந்தது? ஈரத்துணியைப் பிழிந்து, பையில் போட்டு, வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

யானை போட்ட லத்தியிலிருந்து காடு முளைக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு நாவல் பழமும் விளாம்பழமும் தேடி அலைகிறோமே, அவை யானைக்கும் பிடித்தவை. தின்ற பழத்தின் விதையை வெகுதூரம் கொண்டுபோய், எருவோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும். பிள்ளையாருக்கு எதைப் படைப்பது என்று முடிவு செய்தவர்கள், காட்டில் யானை எதைச் சாப்பிடுகிறது என்று பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

போகும்போது அருவிச் சாலையில் நின்று மலையடிவாரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடுங்கள். அந்தப் பக்கம்தான் யானைகெஜம். நம் கிராமங்களில் கோயில்காடு என்று ஒன்று உண்டு அல்லவா? செருப்புப் போட்டு நுழையமாட்டார்கள். குச்சி ஒடிக்கமாட்டார்கள். காய்ந்த விறகைக்கூட எடுக்கமாட்டார்கள். திருவிழா நாள் தவிர மற்ற நாட்களில் உள்ளே போகவே மாட்டார்கள். எல்லையில் நின்று கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். அய்யனாருக்குப் பயந்து செய்த அந்தக் காரியத்தை, யானைகெஜத்தில் யானைக்காகச் செய்யலாம்.

எப்படிப் போவது?

தேனியிலிருந்து உத்தமபாளையம் வழியாகக் கம்பத்துக்குப் பேருந்துகள் நிறைய உண்டு. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாகச் சுருளித் தீர்த்தம் சுமார் 10 கிலோமீட்டர். கம்பத்தில் இறங்கியதும் கம்பராயப் பெருமாளைத் தரிசித்துவிட்டுப் புறப்படுங்கள். காலையில் போய், வெயில் சாய்வதற்குள் திரும்பிவிடுவது நல்லது. வழியில் பன்னீர் திராட்சை பறித்த கையோடு விற்பார்கள், வாங்கிக்கொள்ளலாம். மூட்டையைக் காருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மேலே கேரியரில் கட்டாதீர்கள், குரங்குகள் அதிகம்.

யானைகெஜத்துக்கு வழி கேட்கிறீர்களா? அது மட்டும் வேண்டாமே!